படுக்கை மாற்றியவர்

இரண்டாம் கூட்டத்து எலிகளுக்குக் கட்டி வரவில்லை. பதினாறு வாரம் குடிதண்ணீரோடு நஞ்சு குடித்தும் வரவில்லை. நேற்று மத்தியானம் துறைத் தலைவர் கண்ணெதிரே ஒன்றை அறுத்துப் பார்த்தார்கள். ஈரல் வழவழவென்று, ஊறவைத்த புளியங்கொட்டை மாதிரி மின்னியது. வெள்ளைக் குருணை ஒன்றுகூட இல்லை. வரவேண்டியது வரவில்லை என்றால் யாரோ கை வைத்திருக்கிறார்கள். அவ்வளவுதான். இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். ஆறுமுகநயினார் தராசைத் துணியால் துடைத்தார். மணி ஒன்பது. வியாழக்கிழமை, எடை போடுகிற நாள். கட்டி வந்தாலும் வராவிட்டாலும் எடை போட்டாக வேண்டும். இந்த மருந்தியல் கல்லூரியின் விலங்குக்கூடத்தில் முப்பத்தாறு வருஷம் போட்டாயிற்று. மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பியவர்கள் மூன்றே மாதத்தில் திரும்பக் கூப்பிட்டார்கள், வேறு எவனுக்கும் எலியைப் பிடிக்கத் தெரியவில்லை. அறுபத்தேழு வயதிலும் கை நடுங்கவில்லை. தனக்குத் தெரியாமல் இந்த அறையில் ஒன்றும் நடக்காது என்று நினைத்திருந்தார். நடந்திருக்கிறது. யார்? முதல் கூட்டத்து எலியை வாலடியில் பிடித்துத் தராசு டப்பாவில் விட்டார். இருநூற்று எண்பத்தொன்று. இதற்கு என்ன கேடு, இதற்கு நஞ்சும் கிடையாது மருந்தும் கிடையாது, தின்றுவிட்டுத் தூங்குகிற கூட்டம். இரண்டாவதுக்கு நஞ்சு மட்டும். மூன்றுக்கும் நாலுக்கும் நஞ்சும் உண்டு, கொழுஞ்சி இலைச் சாறும் உண்டு. ஐந்துக்குச் சாறு மட்டும். இரண்டில் கட்டி வந்து, மூன்றிலும் நாலிலும் வராமலிருந்தால்தான் கொழுஞ்சி காப்பாற்றியது என்று எழுதலாம். இரண்டிலேயே வராவிட்டால் எழுத ஒரு மண்ணும் இல்லை. இருநூற்று எழுபத்தாறு. யார் கை வைத்தது?

வாசல் பக்கத்து ஸ்டூலில் மெல்பா உட்கார்ந்திருந்தாள். தூத்துக்குடிப் பிள்ளை. அவள் ஆராய்ச்சிதான் இது. ஐந்து வருஷப் பதிவு மார்கழியோடு தீர்கிறது. மடியில் ஒரு தாள், தலைவர் எழுதச் சொன்ன கடிதம். நஞ்சை முறையாகக் கலந்து கொடுக்கத் தவறிவிட்டேன், முழுப் பொறுப்பும் என்னுடையது. பதினொரு மணிக்கு வந்து கையெழுத்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். கையெழுத்து விழுந்தால் அவள் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அவள் அழவில்லை. அதுவே நயினாருக்கு இடித்தது. குற்றமில்லாதவள் அழ மாட்டாளா? சரி, குற்றமுள்ளவள் மட்டும் அழாமலிருப்பாளா? இரண்டும் ஒத்துவரவில்லை. நஞ்சுத் தண்ணீர் பாட்டிலுக்குக் கறுப்புத் தாள் சுற்றியிருக்கும், வெளிச்சம் பட்டால் வீரியம் போய்விடுமாம். கறுப்புத் தாளுக்குள் என்ன இருக்கிறது என்று யார் கண்டது. வெறும் தண்ணீரை ஊற்றிவைத்தாலும் எலி வந்து சொல்லப்போவதில்லை. தை மாதம் இவளுக்குக் கல்யாணம். மூக்கு மூடியும் இரட்டைக் கையுறையும் போட்டுக்கொண்டு, மூச்சை அடக்கித்தான் நஞ்சுக் குப்பியைத் திறப்பாள். பயந்தவள் அளவைக் குறைப்பாள். ஆனால் அவள் கலக்கும்போது இவர் எதிரேதான் நின்றார், ஒவ்வொரு வாரமும். சந்தேகப்பட்டுத்தான் நின்றார். குழாயில் அளவுக்கோட்டை இவர் கண்ணும் பார்த்தது. அப்படியென்றால் குப்பியே போலி. பம்பாயிலிருந்து வந்த குப்பி. அங்கே எவன் எதை அடைத்தானோ. அல்லது தலைவரே. அவருக்கு ஏன் இத்தனை அவசரம், மறுநாளே கடிதம், பதினொரு மணிக்கே கையெழுத்து? அடுத்த மாதம் மேற்பார்வைக் குழு வருகிறது. குழு வருவதற்குள் ஒரு தலை வேண்டும். தலை கிடைத்துவிட்டது, பின்னல் போட்டுக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறது. “அண்ணாச்சி, நான் ஒரு நாள்கூட அளவு குறைக்கல” என்றாள் மெல்பா, தரையைப் பார்த்து. அவர் உம் என்றார். நம்பினேன் என்றும் இல்லை, நம்பவில்லை என்றும் இல்லை. உம்.

கூட்டிப் பெருக்குகிறவள் வாளியோடு வந்தாள். வந்ததும் எலிகளிடம் பேச ஆரம்பித்தாள், என்ன மக்களே சாப்ட்டாச்சா என்று. பதினொரு வருஷமாக இதே பேச்சு. இவள்தானோ? இவள் கையில் எப்போதும் என்னவாவது இருக்கும், முறுக்குத் துண்டு, வடைப் பொட்டு. ஒருமுறை கூண்டுக் கம்பியில் எண்ணெய் பார்த்து நயினார் சத்தம் போட்டிருக்கிறார். முறுக்கு தின்றால் கட்டி வராதா? அப்படியென்றால் ஊரில் ஒருத்தனுக்கும் வராது. என்ன தின்னக் கொடுத்தாளோ, கேட்டால் சிரிப்பாள். சொன்னதைச் செய்கிற ஜென்மமும் இல்லை. இரண்டாம் கூட்டத்து ஆறு எலியும் இரண்டு கூண்டில், மூன்று மூன்றாக. ஒரு கூண்டு மேல்தட்டில், ஒன்று அடித்தட்டில். எல்லாக் கூண்டுக்கும் உமி போட்டுத்தான் படுக்கை. அடித்தட்டுக் கூண்டுக்கு மட்டும் இவள் கத்தரித்த பேப்பர் போடுவாள். ஏசி குழாய் அந்தப் பக்கம் ஒழுகுகிறதாம், உமி நனைந்து நாறுகிறதாம், எலி தும்முகிறதாம். பரீட்சைப் பேப்பரைத் துண்டு துண்டாக வெட்டிப் போட்டிருந்தாள், பழைய விடைத்தாள்கள். மருந்தியல் இரண்டாம் தாளின் மேல் மூன்று எலிகள் சுருண்டு படுத்திருந்தன. உமி போடு உமி போடு என்று தொண்டை வற்றியதுதான் மிச்சம். இப்போது அவள் துடைப்பத்தை நிறுத்தி, அடித்தட்டைக் குனிந்து பார்த்து, “இந்த மூணும் மெலிஞ்சிட்டே வருது அண்ணாச்சி, பாத்தியளா” என்றாள். நயினாருக்குச் சுர்ரென்றது. “நீ உன் சோலியப் பாருளா.” ஆனால் எடை போட்டபோது மெலிந்துதான் இருந்தன. மேல்தட்டில் மிஞ்சிய இரண்டும் இருநூற்று அறுபத்தெட்டு, எழுபத்து நாலு. அடித்தட்டு மூன்றும் இருநூற்றுப் பன்னிரண்டு, பத்தொன்பது, ஐந்து. போன வாரத்தைவிடக் குறைவு. அதற்கு முந்தின வாரத்தைவிடவும் குறைவு. மூன்றுக்கும் முடி சிலிர்த்து நின்றது. மெல்பா ஆறையும் கூட்டிச் சராசரி போட்டுக்கொண்டு போய்விடுவாள், தனித்தனியாக எவரும் பார்ப்பதில்லை. இவரும்தான் பார்த்தும் பார்க்கவில்லை. பெருக்குகிறவள் பட்டினி போடுகிறாளோ? அடித்தட்டில் குனிய முடியாமல் தீனி வைக்காமல் விடுகிறாள், அதுதான். எழுதிவைக்க வேண்டும். தலைவரிடம் சொல்ல வேண்டும். ஒரு தலைக்கு இரண்டு தலையாக ஆகட்டும்.

மூன்றாம் கூட்டத்தில் தலையில் மஞ்சள் குறி வைத்த எலி கையை முகர்ந்தது. அடையாளத்துக்கு வைக்கிற சாயம், தலையில் ஒன்று, முதுகில் ஒன்று, வாலில் ஒன்று. இந்த மஞ்சளை அவருக்குப் பிடிக்காது. சங்கரன் கண் இந்த மஞ்சளில்தான் இருந்தது. கூடப்பிறந்த தம்பி. வாழ்நாளில் ஒரு சொட்டுக் குடிக்காதவன், ஈரலில் கட்டி என்றார்கள். ஆசுபத்திரியில் கொடுத்த மாத்திரை ஒரு பக்கம், அவன் பெண்டாட்டி கோமதி கொழுஞ்சி வேரும் இலையும் இடித்துப் போட்டு வேகவைத்த கஷாயம் ஒரு பக்கம். ஒரு நாள் காலையில் நயினார் போனபோது வீடே அந்த வாடை. அடுப்பிலிருந்த பானையைத் தூக்கிச் சாக்கடையில் கவிழ்த்தார். வயலுக்கு எருவாகப் போட்டு மிதிக்கிற செடியையா மனுஷனுக்குக் கொடுப்பாய் என்று கேட்டார். கோமதி ஒன்றும் சொல்லவில்லை. பானையை எடுத்துக் கழுவிக் கவிழ்த்தாள். நாலு மாதத்தில் சங்கரன் போனான். பன்னிரண்டு வருஷம் ஆயிற்று, கோமதி அவரிடம் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. எடுத்திருந்தால் பதில் சொல்லியிருப்பார். எடுக்காததற்குப் பதில் கிடையாது. பிறகு ஒரு நாள் இந்த மெல்பா ஐந்து சாக்குக் கொழுஞ்சியோடு வந்து இறங்கினாள். ஆன்டி ஆக்ஸிடன்ட் என்றாள். நஞ்சு உள்ளே போனால் ஈரலில் பொறி பறக்குமாம், இலைச்சாறு போய் அந்தப் பொறியை அணைக்குமாம். தீயணைப்பு வண்டியா என்று கேட்டார். அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. அன்றிலிருந்தே அவருக்கு இந்தச் செடி தோற்க வேண்டும். வெளியே சொன்னதில்லை. எலிகளிடம்கூடச் சொன்னதில்லை. தோற்றால் பானையைக் கவிழ்த்தது சரி. இப்போது தோற்கவும் இல்லை, ஜெயிக்கவும் இல்லை, நஞ்சு மட்டும் குடித்த எலியே நன்றாக இருக்கிறது. இருநூற்று எழுபது. யாரோ ஏமாற்றியிருக்கிறார்கள். ஏமாற்றித்தான் இருக்க வேண்டும். ஏமாற்றியிருந்தால் நல்லது.

மணி பத்தே கால். மேல்தட்டுக் கூண்டைத் திரும்பத் தட்டில் ஏற்றும்போது பார்த்தார். இரண்டாம் கூட்டத்து எலி ஒன்று பின்னங்காலில் உட்கார்ந்து, முன்னங்கை இரண்டிலும் எதையோ பிடித்துக் கொறித்துக்கொண்டிருந்தது. பிடித்துவிட்டோம் என்று நினைத்தார். வடைதான், முறுக்குதான், கையும் களவுமாக. கூண்டைத் திறந்து பிடுங்கினார். காய்ந்த நெற்று. தட்டையாக, லேசாக வளைந்து, மெல்லிய ரோமத்தோடு. பாதி இல்லை. கொழுஞ்சி நெற்று. அப்படியென்றால் அவள் கொழுஞ்சியைத் தின்னக் கொடுத்திருக்கிறாள், பின்னால் கொட்டிக் கிடக்கிற குவியலிலிருந்து அள்ளிக் கொடுத்திருக்கிறாள், முட்டாள் ஜென்மம், மருந்து கொடுக்கக் கூடாத எலிக்கு மருந்தையே, வாயைத் திறந்தார், ஏளா என்று கூப்பிட, திறந்த வாய் திறந்தபடி நின்றது. உமியைக் கிளறினார். ஒடிந்த நெற்று இன்னொன்று. காம்பு. பொடிந்த இலை. மூன்றாம் கூட்டத்துக் கூண்டில் கிளறினார். அங்கேயும். ஐந்தில். அங்கேயும். உமிச் சாக்கு இருந்த மூலைக்குப் போனார். அரிசி ஆலையிலிருந்து வருகிற உமியில் வண்டு இருக்கும். வண்டு வராமலிருக்க வருஷா வருஷம் சாக்குக்கு இரண்டு கை நொச்சித் தழை போட்டுக் கட்டுவார். முப்பத்தாறு வருஷமாக. யாரும் சொல்லித் தந்ததில்லை, யாரும் கேட்டதும் இல்லை, பதிவேட்டில் அதற்குக் கட்டமும் இல்லை. இந்த வருஷம் விடுதிக்குப் பின்னாலிருந்த நொச்சியை வெட்டி சைக்கிள் கொட்டகை போட்டுவிட்டார்கள். நொச்சி இல்லை. பின்முற்றத்தில் மெல்பா இலை உருவிப் போட்ட கொழுஞ்சிக் குச்சியும் நெற்றும் குவிந்து கிடந்தது. இதற்கும் வண்டு அண்டாது. வைகாசியில் ஒரு சாயங்காலம், ஆறு சாக்கு, சாக்குக்கு இரண்டு கை. கை எடுத்தது, கை போட்டது, கை கட்டியது. அந்தக் கை இவருடையது. நடுங்காத கை. குச்சியை உதறிவிட்டு உமியை அள்ளுகிறோம் என்ற நினைப்பு. நெற்றும் இலைப்பொடியும் உமிக்குள் தங்கிப் போகும் என்று தோன்றவில்லை. எலி படுக்கையைத் தின்னும். பால்குடி மறந்த எலிகூடத் தின்னும். இது அவருக்குத் தெரியாதா? அவருக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

நெற்றைச் சட்டைப் பையில் போட்டார். யாரும் பார்க்கவில்லை. மெல்பா தரையைப் பார்த்திருந்தாள், மற்றவள் வாளியில் துணி பிழிந்துகொண்டிருந்தாள். பத்தரை. நாலாம் கூட்டத்தை எடை போட்டார். எழுதினார். ஏழைத் தப்பாக எழுதி அடித்துத் திருத்தினார். பையில் நெற்று குத்தியது. ஒன்றும் சொல்லாமல் இருக்கலாம். பதினொரு மணிக்குக் கையெழுத்து விழும், எலிகளைக் கழித்துக்கட்டுவார்கள், உமியைக் குழியில் கொட்டி எரிப்பார்கள். எரித்த பிறகு கடவுள் வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது. இந்தப் பிள்ளை தூத்துக்குடிக்குப் போய்க் கல்யாணம் செய்துகொள்ளும். ஐந்து வருஷம் போனால் என்ன, சின்ன வயசு. சங்கரனுக்கும் அப்படித்தான் சொன்னார், நாலு மாதம் மாத்திரையைத் தின்னு, என்ன போச்சு. இன்னொரு பானை. இதையும் கவிழ்த்துவிட்டு நடந்து போகலாம், இவளும் கோமதி மாதிரி ஒன்றும் சொல்ல மாட்டாள், பானையைக் கழுவிக் கவிழ்ப்பாள். ஆனால் இது தெரிந்துவிட்டால் அது? நஞ்சு குடித்த எலி நெற்றைத் தின்று நன்றாக இருந்தது என்றால், அந்தச் செடி நிஜம் என்றால், அன்று சாக்கடையில் போனது என்ன? சங்கரன் கடைசியில் அவரை அடையாளம் தெரியாமல் அண்ணாச்சி அண்ணாச்சி என்று சுவரைப் பார்த்துக் கூப்பிட்டான். இவர் இங்கே இருக்கேன்லே என்றார். அவன் சுவரையே பார்த்தான். இருநூற்று எழுபத்தொன்று. எழுதினோமா? எழுதவில்லை. எலியைத் திரும்ப வைத்தார். அதே எழுபத்தொன்று. தராசு பொய் சொல்வதில்லை, அதுதான் அதில் சங்கடம்.

பதினொன்றாக ஐந்து நிமிஷம் இருக்கும்போது தலைவர் வந்தார். கையில் பேனா மூடி திறந்திருந்தது. மெல்பா எழுந்தாள். நயினார் எலியைக் கூண்டில் விட்டு, மூடியை மாட்டி, கையைத் துடைத்துக்கொண்டு, பையிலிருந்து நெற்றை எடுத்துத் தராசுத் தட்டில் வைத்தார். இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள்.

“உமியில கொழுஞ்சி கெடக்கு. நான்தான் போட்டேன். வண்டுக்கு.”

எத்தனை வாரமாக என்று கேட்டார் தலைவர். முதலிலிருந்தே என்றார். பிறகு தலைவர் நிதானமாகத்தான் பேசினார். அப்படியென்றால் முப்பது எலியும் பதினாறு வாரம் மருந்து தின்றிருக்கிறது, ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றுகூட மிஞ்சவில்லை, எல்லாவற்றையும் குப்பையில் போட வேண்டியதுதான், கடிதம் மட்டும் வேறு ஆள் எழுத வேண்டும். எழுதித் தருகிறேன் என்றார் நயினார். மெல்பா கையிலிருந்த தாளை வாங்கி நாலாக மடித்துத் தன் பையில் வைத்தார். நெற்று இருந்த இடம். அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தார். திட்டியிருந்தால் தேவலை.

“எல்லாம் திங்கல சார்” என்று பின்னாலிருந்து குரல் வந்தது. கூட்டிப் பெருக்குகிறவள். துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு அடித்தட்டைக் காட்டினாள். “இந்த மூணும் திங்கல. இதுக்கு நான் உமியே போட்டதில்ல. ஆனித் தேர் நாள்லேருந்து பேப்பர்தான். அண்ணாச்சியும் அன்னைலேருந்து ஏசிட்டேதான் இருக்காவ.”

தேருக்கு லீவு, தான் மட்டும் தண்ணீர் வைக்க வந்ததாகவும், ஏசி ஒழுகி உமி சொதசொதவென்று கிடந்ததாகவும் சொன்னாள். மெல்பா வாய்க்குள் கணக்குப் போட்டாள். நஞ்சு ஆரம்பித்து நாலாம் நாள். நயினாரே குனிந்தார். வாலில் மஞ்சள் வைத்தது, இருநூற்று ஐந்து. கையில் எடுத்தபோதே தெரிந்தது, தோலுக்கடியில் எலும்பு. எத்தனை வாரமாக இந்தக் கைக்குத் தெரிந்திருக்கிறது. மயக்க மருந்து கொடுத்து மெல்பா அறுத்தாள். ஈரல் வீங்கி, வெளுத்து, மேலெல்லாம் அரிசிக் குருணை கொட்டிய மாதிரி வெள்ளை வெள்ளையாக இருந்தது. மெல்பா புறங்கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பதினாறு வாரத்தில் முதல் தடவையாக அழுதாள். பக்கத்துக் கண்ணாடி ஜாடியில் நேற்றைய ஈரல், புளியங்கொட்டை. ஒரே குப்பி, ஒரே தண்ணீர், ஒரே அளவு. படுக்கைதான் வேறு.

தலைவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். பேனாவை மூடினார். மூன்று எலியை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்றார். ஆனால் இந்தப் பெண் நஞ்சைச் சரியாகத்தான் கொடுத்தாள் என்பதற்கு இது போதும், ஆறு மாதம் நீட்டிப்புக் கேட்டு நானே எழுதுகிறேன், எல்லாக் கூண்டுக்கும் பேப்பர் போட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டும். எழுந்து போகும்போது நயினார் பக்கம் திரும்பி, அந்தத் தாளைக் கிழித்துப் போடும் என்றார். நயினார் கிழிக்கவில்லை. அது அப்புறம்.

வேறு ஒன்று கேட்க வேண்டியிருந்தது. மெல்பா கத்தியைக் கழுவுகிறவரை நின்றார். “கட்டி வந்த பொறவு குடுத்தா கேக்குமா?”

அவள் குழாயை மூடினாள். “தெரியாது அண்ணாச்சி. நாம அதப் பாக்கல. வாரதுக்கு முன்னாலயே குடுத்தாத் தடுக்குதான்னுதான் பாத்தோம். அதுவும் எலிக்கு.”

தெரியாது. எத்தனையோ பேர் எத்தனையோ சொல்லியிருக்கிறார்கள், எல்லாவற்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்து எங்கே பொய் என்று தேடியிருக்கிறார். இதைத் திருப்பிப் பார்க்கத் தோன்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோமதி வீட்டுக்குப் போக வேண்டும். போய் என்ன சொல்வது? தெரியாது.

பதிவேட்டைத் திருத்த வேண்டும் என்றாள் மெல்பா. அடித்தட்டுக் கூண்டுக்கு என்றைக்கு எது போட்டது, யார் போட்டது, உள்ளது உள்ளபடி. நயினார் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திறந்தார். தேதி, தீனி, தண்ணீர், படுக்கை மாற்றியவர். கடைசிக் கட்டத்தில் மேலிருந்து கீழே ஆ.ந., ஆ.ந., ஆ.ந. வாரம் இரண்டு தடவை. ஒரு தடவைகூட அவர் மாற்றியதில்லை. அவள் மாற்றுவாள், இவர் கையெழுத்துப் போடுவார். அப்படித்தான் வழக்கம், அதில் யாருக்கும் ஒரு குறையும் தெரிந்ததில்லை. பேனாவை எடுத்தார். “ஏளா” என்றவர் நிறுத்தினார். மெல்பா அக்கா என்பாள், தலைவர் ஆயா என்பார். இவர் ஏளா.

“உன் பேரு என்ன?”

அவள் சிரித்தாள். “பதினொரு வருசம் கழிச்சுக் கேக்குதிய.” தலைப்பெழுத்தோடு சொன்னாள். முதல் வரியில் ஆ.ந.வை அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதினார். அடுத்ததில் மேற்படி என்று போட்டால் போதும் என்றாள் மெல்பா. அவர் போடவில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு முப்பத்திரண்டு வரியிலும் அடித்து, முப்பத்திரண்டு வரியிலும் எழுதினார்: மா. பேச்சித்தாய்.